குறை கருவியிலா, பதிவிலேயா? பிங்க் ஃபிளாய்ட் ஆல்பங்களை லாஸ்லெஸ் ஒலியில் கேட்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

பிங்க் ஃபிளாய்ட் குழு 1967 முதல் 2014 வரை வெளியிட்ட 15 ஸ்டூடியோ ஆல்பங்களையும் ஃபிளாக், அலாக் போன்ற இழப்பற்ற (லாஸ்லெஸ்) வடிவங்களில், அதாவது மூல ஒலியில் எதையும் விடாமல் சுருக்கும் கோப்புகளில், கேட்கத் தொடங்குபவர்களுக்கு, மற்ற குழுக்களின் ரசிகர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. வேறொரு குழுவின் ஆல்பத்தில் இரைச்சலோ, பாதியில் வெட்டுப்பட்ட சொல்லோ, ஒரு பக்க ஸ்பீக்கரில் மங்கலோ கேட்டால் உடனே கருவியைச் சந்தேகிக்கலாம். இந்தக் குழுவோ அவை அனைத்தையும் வேண்டுமென்றே இசைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே கேபிளை மாற்றுவதற்கும் புதிய டிஏசி (எண்ம ஒலியை மின்னலையாக மாற்றும் கருவி) வாங்குவதற்கும் முன்பு, கேட்கும் குறை பதிவிலேயே இருக்கிறதா என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு குறியையும் (கோளாறின் அறிகுறியையும்) அந்த வரிசையில்தான் அணுகியிருக்கிறேன்.

எல்லாக் குறிகளுக்கும் முன்னால்

குறை கேட்ட இடத்தின் நிமிடத்தையும் விநாடியையும் குறித்துக்கொண்டு, அரை நிமிடம் பின்னால் சென்று மீண்டும் ஓட விடுங்கள். அதே விநாடியில் மீண்டும் வராவிட்டால் சிக்கல் கருவியிலோ இணைப்பிலோ இருக்கிறது. கோப்பைத் தொட வேண்டியதில்லை. அதே விநாடியில் வந்தால் அதே கோப்பை வேறொரு கருவியில், முடிந்தால் கம்பி உள்ள சாதாரண ஹெட்போனில், கேட்டுப் பாருங்கள். அங்கும் வந்தால், அதே பாடலின் இன்னொரு பதிப்பை ஏதேனும் ஒரு ஸ்ட்ரீமிங் சேவையில் கேளுங்கள். இன்னொரு பதிப்பிலும் அதே இடத்தில் இருப்பது அநேகமாக 1970களில் ஸ்டூடியோவில் வைக்கப்பட்டது. உங்கள் கோப்பில் மட்டும் இருப்பது கோப்பின் பிழை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். பலர் இதைச் செய்யாமலேயே ஈக்வலைசரைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள்.

குறி: தொடர்ந்து ஓட வேண்டிய பாடல்களுக்கு நடுவே சிறு மௌனம் விழுகிறது

1973இல் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில்தான் இது முதலில் தெரியவரும். ‘ஸ்பீக் டு மீ’யின் முடிவில் இதயத்துடிப்பு, கடிகாரம், சிரிப்பு, அலறல் எல்லாம் பெருகிப் பெருகி உச்சத்துக்குப் போய், அந்த உச்சம் அறுபடாமல் ‘ப்ரீத்’ பாடலின் முதல் அடியில் போய் விழ வேண்டும். அங்கே கண்ணிமைக்கும் நேரம் மௌனம் இருந்தாலும் காது அதை உடனே கண்டுகொள்ளும். பழைய குறுந்தகடுகள் சிலவற்றில் இவ்விரண்டும் ஒரே டிராக்காகவே இருப்பதால், உங்களிடம் இருப்பது அத்தகைய பதிப்பு என்றால் ‘ஆன் தி ரன்’ முடிந்து ‘டைம்’ தொடங்கும் இடத்தையோ, ‘பிரெய்ன் டேமேஜ்’ முடிந்து ‘எக்லிப்ஸ்’ தொடங்கும் இடத்தையோ வைத்துச் சோதியுங்கள். ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’க்கும் ‘மணி’க்கும் இடைப்பட்ட இடத்தை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம், இசைத்தட்டின் முதல் பக்கம் அங்கேதான் முடிகிறது, ஆகவே அங்கே வரும் அமைதி எதையும் நிரூபிக்காது.

ஃபிளாக் கோப்பு ஒலியின் ஒவ்வொரு மாதிரியையும் (விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்களில் ஒவ்வொன்றையும்) அப்படியே வைத்திருப்பதால், எம்பி3 கோப்புகளில் முன்னும் பின்னும் சேர்ந்துவிடும் வெற்று மாதிரிகள் அதில் சேர்வதில்லை. எனவே குறுந்தகட்டிலிருந்து ஒழுங்காக ரிப் செய்யப்பட்ட (கோப்பாகப் படித்தெடுக்கப்பட்ட) ஃபிளாக்கில் மௌனம் விழுந்தால் முதல் சந்தேகம் பிளேயரின் மீதுதான். கணினியில் ஃபூபார்2000 தனியாக எதையும் அமைக்காமலேயே இடைவெளியின்றி ஒலிக்கும். பலரும் பயன்படுத்தும் வி.எல்.சி.யின் 3ஆம் வரிசைப் பதிப்புகளில் அந்த வசதி இல்லை, ஆகவே இந்த ஆல்பத்துக்கு அது ஏற்றதன்று. கைபேசிச் செயலிகளில் ‘கேப்லெஸ்’ என்ற அமைப்பை இயக்கி, ‘கிராஸ்ஃபேட்’ என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். கிராஸ்ஃபேட் மௌனத்தை மறைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பாடலின் முடிவை அடுத்த பாடலின் தொடக்கத்தோடு கலந்து குழப்பிவிடுவதால், நோயைவிட மருந்து மோசமாகிவிடும். வீட்டு வலையமைப்பு வழியாக ஸ்ட்ரீமருக்கு அனுப்பிக் கேட்பவர்கள், அடுத்த பாடலை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் வசதி அந்தப் பெட்டியில் உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆல்பம் முழுவதையும் ஒரே ஃபிளாக்காகவும், கூடவே பாடல்கள் தொடங்கும் இடங்களைக் குறிக்கும் ஒரு க்யூ கோப்பாகவும் வைத்துக்கொள்வதுதான் வழி.

பிளேயரில் பிழையில்லை என்று உறுதியான பிறகும் மௌனம் தொடர்ந்தால், கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் நிரலில் திறந்து பாடலின் முதல் சில நூறில் ஒரு பங்கு விநாடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இசை பாய்ந்து வர வேண்டிய இடத்தில் கோடு பூஜ்ஜியத்தில் தட்டையாகக் கிடந்தால், யாரோ எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றித் தந்திருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. மௌனம் இல்லாமல் இசை ஒரு கணம் தாவுவதாகக் கேட்டால் காரணம் வேறு: ரிப் செய்தபோது டிராக்குகளுக்கு இடைப்பட்ட பகுதியை விட்டுவிடும் அமைப்பு இயங்கியிருக்கிறது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி நிரலில் அந்தப் பகுதியை முந்தைய டிராக்கின் இறுதியோடு சேர்க்கும்படி அமைத்து மறுபடி ரிப் செய்தால் சரியாகிவிடும்.

குறி: மௌனம் இல்லை, ஆனால் பாடல் மாறும் இடத்தில் ஒலி அளவு குதிக்கிறது

இதற்கு ரீப்ளே கெயின் அல்லது அதற்கு இணையான ஒலி அளவு சமன்பாடே காரணம். பாடல் வாரியான சமன்பாடு, ஒவ்வொரு பாடலையும் தனித்தனியே அளந்து ஒரே அளவுக்குக் கொண்டுவர முயல்கிறது. ‘ஸ்பீக் டு மீ’ பெரும்பகுதி மிக மெல்லிய பாடல் என்பதால் அது தூக்கிவிடப்படும். அதன் இறுதி உச்சமும் சேர்ந்தே தூக்கப்படும். அடுத்த நொடியில் ‘ப்ரீத்’ அதைவிடத் தாழ்ந்த அளவில் தொடங்கும். ஆல்பத்தைக் கலந்தவர்கள் எண்ணியதற்கு நேர் எதிரான விளைவு இது. பிளேயரில் சமன்பாட்டை ‘ஆல்பம்’ நிலைக்கு மாற்றுங்கள், அல்லது முற்றிலும் அணைத்துவிடுங்கள். ஆல்பம் நிலை செயல்பட, எல்லாப் பாடல்களையும் ஒரே தொகுதியாக ஒருமுறை அளந்து அந்த எண்ணைக் கோப்புகளில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு பதிப்புகளிலிருந்து பாடல்களைப் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பில் இது ஒருபோதும் சரிவராது.

குறி: ஆல்பத்தின் தொடக்கம் விழுங்கப்படுகிறது, அல்லது முதல் சொல் பாதியில் தொடங்குகிறது

1979இல் வந்த ‘தி வால்’ ஒரு மெல்லிய மெட்டின் மேல், ஒரு வாக்கியத்தின் பின்பாதியோடு தொடங்குகிறது. அந்த வாக்கியத்தின் முன்பாதி, இரண்டாம் தட்டின் கடைசி விநாடிகளில் இருக்கிறது. இறுதிப் பாடலையும் முதல் பாடலையும் அடுத்தடுத்து வரிசையில் போட்டால் மெட்டும் வாக்கியமும் ஒன்றாகப் பொருந்துவதைக் கேட்கலாம். உங்கள் பிளேயர் இடைவெளியின்றி ஒலிக்கிறதா என்பதற்கு இதைவிட நயமான சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த மெட்டே கேட்காமல் நேராகக் குழுவின் பேரொலி வந்தால்தான் பிழை. பல டிஏசிகள் ஒலி வராத நேரத்தில் வெளியீட்டை அடைத்துக்கொள்கின்றன. புதிய மாதிரி விகிதத்தில் (விநாடிக்கு எத்தனை மாதிரிகள் என்ற கணக்கில்) ஒலி வரும்போது பூட்டுப்பிடித்துத் திறக்க அரை விநாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கின்றன. வேறு பாடல்களில் யாரும் கவனிக்காத இந்தத் தாமதம், மெல்லத் தொடங்கும் இந்தக் குழுவின் ஆல்பங்களில் பளிச்சென்று தெரியும். பிளேயரின் வெளியீட்டு அமைப்பில் தொடக்கத்தில் ஒரு விநாடி வெற்றொலி சேர்க்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளையும் 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளையும் ஒரே பட்டியலில் கலப்பதைத் தவிருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிஏசி மீண்டும் பூட்டுப்பிடிக்க வேண்டியிருக்கும்.

‘தி டார்க் சைட்’டின் முதல் சில விநாடிகளில் எதுவுமே கேட்கவில்லை என்றால் ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். இதயத்துடிப்பு அமைதியிலிருந்து மெல்ல எழுந்து வருவது அப்படித்தான். கூட்டி வைத்த அளவோடு ‘டைம்’ பாடலின் கடிகாரங்கள் ஒருசேர அடிக்கும் இடத்துக்கு வந்தால், வீட்டில் தூங்குபவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆல்பத்தின் இறுதியில் துடிப்பு தேய்ந்து மறையும்போது எங்கோ தொலைவில் வாத்திய இசை ஒன்று ஒலிப்பதாகச் சில பதிப்புகளில் கேட்கும். பீட்டில்ஸ் குழுவின் ‘டிக்கெட் டு ரைட்’ பாடலின் வாத்திய வடிவம் அது. பக்கத்து அறை வானொலி உங்கள் கேபிளில் புகுந்துவிடவில்லை.

குறி: ஒரு பக்கம் மங்கலாக இருக்கிறது, அல்லது பாடகரின் குரலே காணாமல் போகிறது

1971இல் வந்த ‘மெடில்’ ஆல்பத்தின் முதல் பாடலான ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பலரை ஏமாற்றியிருக்கும். காற்றொலிக்குப் பிறகு ஒரு பேஸ் கிதார் ஒரு பக்கத்தில் தொடங்குகிறது. சற்றுப் பொறுத்து மறுபக்கத்தில் இன்னொன்று சேர்கிறது. அந்த இரண்டாவது கிதார் முதலாவதைப் போலத் துலக்கமாக இல்லை. முதலாவதை வாசித்தவர் குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மோர், இரண்டாவதை வாசித்தவர் பேஸ் கலைஞர் ராஜர் வாட்டர்ஸ். இரண்டாவது கிதாருக்கு மாற்றுவதற்குப் புதிய தந்திகள் கையில் இல்லாததால் பழைய தந்திகளோடு வாசித்ததே அந்த மங்கலுக்குக் காரணம். இதைக் கேபிளின் மீதோ ஹெட்போனின் மீதோ ஏற்ற முடியாது. ஐயமிருந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றி அணிந்துகொள்ளுங்கள்: மங்கல் மறுகாதுக்கு மாறினால் அது பதிவில், ஹெட்போனில், அல்லது ஹெட்போனுக்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்றில் இருக்கிறது, அதே காதில் தங்கிவிட்டால் காதையோ, காதுக்குள் சேர்ந்திருப்பதையோ பார்க்க வேண்டும். அவ்வாறே 1967ஆம் ஆண்டின் முதல் ஆல்பத்தில் ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ முடியும் கட்டத்தில் ஒலி முழுவதும் இடமும் வலமுமாக ஊசலாடுவது ஸ்டீரியோ கலவையின் வேலை. அந்த ஆல்பத்துக்கு மோனோ கலவை ஒன்றும் உண்டு, 2007 பதிப்பில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே இரு பக்கமும் ஒன்றுபோலவே ஒலித்தால் நீங்கள் மோனோ தட்டைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

குரல் மறைவது வேறு வகை. இசைக்கருவிகள் அகலமாக ஒலிக்க, நடுவில் நிற்க வேண்டிய குரல் மட்டும் ஆழத்தில் புதைந்து எதிரொலியாகக் கேட்டால், ஹெட்போன் முள் முழுமையாக உள்ளே போகவில்லை என்றே முதலில் எண்ணுங்கள். பொதுக் கம்பி தொடாமல் இரு பக்கத்து வித்தியாசம் மட்டும் காதுக்கு வரும்போது, இரு பக்கமும் சமமாக உள்ள குரல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ‘மணி’யில் சுற்றிச் சுற்றி வரும் காசுப்பெட்டி ஒலிகள் தெளிவாகவும் குரல் மங்கலாகவும் இருந்தால் நோய் இதுதான். ஸ்பீக்கர்களில் இதே குறி தெரிந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் இடம் மாறியிருக்கும்.

மூன்றாவது காரணம் பல தடக் கோப்புகள். ‘தி டார்க் சைட்’டுக்கு ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் 1973இல் உருவாக்கிய நான்கு தடக் கலவையும், ஒலிப்பதிவாளர் ஜேம்ஸ் கத்ரி 2003ஆம் ஆண்டின் எஸ்.ஏ.சி.டி. (உயர்தரக் குறுந்தகடு) பதிப்புக்காக உருவாக்கிய 5.1 (ஆறு தட) கலவையும் ரசிகர்களிடையே புழங்குகின்றன. 5.1 கோப்பை இரண்டு ஸ்பீக்கரில் ஒலிக்கும் பிளேயர், எல்லாத் தடங்களையும் இரண்டாகச் சுருக்கித் தர வேண்டும். சில பிளேயர்கள் முன்னிரு தடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டுவிடுகின்றன. அப்போது குரலோ பின்னணிப் பாடகிகளோ இல்லாத விசித்திரமான ‘தி டார்க் சைட்’ கிடைக்கும். கோப்பின் விவரத்தில் தடங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்; இரண்டுக்கு மேல் இருந்தால் அந்தக் கோப்பை விட்டு ஸ்டீரியோ கோப்புக்கு மாறுவதே நல்லது.

குறி: ஒலி திடீரென்று மெலிந்து, சிறிய வானொலிப் பெட்டியிலிருந்து வருவதுபோல் ஆகிறது

ஆல்பம் 1975இன் ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்றால் எதையும் தொட வேண்டாம். ‘ஹேவ் எ சிகார்’ முடியும்போது முழுக் குழுவின் ஒலியும் ஒரு நொடியில் உறிஞ்சப்பட்டு வானொலிக்குள் அடைபடுகிறது. அடுத்து நிலையம் மாறும் கரகரப்பும், பேச்சுத் துண்டுகளும், சைக்காவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியிலிருந்து ஒரு கீற்றும் வந்து போகின்றன. பிறகு அதே மெலிந்த ஒலியில் ஒரு கிதார் தொடங்குகிறது. சற்று நேரம் கழித்து இன்னொரு கிதார் நேரே அறைக்குள் வாசிப்பதுபோல் முழு உருவத்தோடு சேர்கிறது. அந்த இரண்டுக்கும் உள்ள தொலைவுதான் அந்தப் பாடலின் தொடக்கமே. தானியங்கி ஈக்வலைசர்களும் ‘ஒலி மேம்படுத்தும்’ செயலிகளும் முதல் கிதாருக்குப் பேஸ் ஏற்றி அந்தத் தொலைவைக் கெடுத்துவிடும். அவற்றை அணைத்து வையுங்கள். இரண்டாவது கிதாரும் மெலிந்தே ஒலித்தால், ப்ளூடூத் ஹெட்போன் அழைப்புக்கான மைக் நிலையில் சிக்கியிருக்கிறது என்று பொருள். கணினியில் மைக்கைப் பயன்படுத்தும் செயலியை மூடினால் மீண்டுவிடும்.

குறி: மேல் சுரங்கள் எல்லாப் பாடலிலும் குத்துகின்றன

ஒரு குறிப்பிட்ட பழைய குறுந்தகட்டிலிருந்து எடுத்த கோப்புகள் மட்டும் இப்படி இருந்தால், ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற பழைய முறையைச் சந்தேகியுங்கள். 1980களில் அச்சான தட்டுகள் சிலவற்றில், குறிப்பாக ஜப்பானிய அச்சுகள் சிலவற்றில், மேல் சுரங்களை ஏறத்தாழ 10 டெசிபெல் வரை உயர்த்திப் பதிந்து, தட்டில் ஓர் அடையாளக் குறியையும் வைத்தார்கள். குறுந்தகடு பிளேயர் அந்தக் குறியைப் பார்த்து அதே அளவு இறக்கித் தரும். கணினியில் ரிப் செய்யும்போது உயர்த்தப்பட்ட ஒலி அப்படியே கோப்புக்கு வருகிறது, குறியோ பெரும்பாலும் வழியில் தொலைந்துவிடுகிறது. ரிப்போடு வந்த க்யூ கோப்பில் இதற்கான கொடி (அடையாளச் சொல்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொடி இல்லாததால் ப்ரீ-எம்ஃபசிஸும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஏனெனில் சில தட்டுகளில் இந்தக் குறி தட்டின் பொருளடக்கத்தில் இல்லாமல், ஒலியோடு சேர்ந்து ஓடும் துணைத்தடத்தில் மட்டுமே இருக்கும். அதே தட்டைப் பழைய பிளேயர் ஒன்றில் போட்டு ஒப்பிடுவது உறுதியான வழி. உறுதியானதும் சாக்ஸ் நிரலின் டீ-எம்ஃபசிஸ் (உயர்த்தியதை இறக்கும்) வசதியால் சரிசெய்து, மூலக் கோப்பை அழிக்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

குறி: பாடல் வேகமாகவும் சுருதி உயர்ந்தும் ஒலிக்கிறது

44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 48 என்று எண்ணிக்கொண்டு டிஏசி ஓட்டினால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். அளந்து பார்க்க ‘எக்கோஸ்’ போன்ற நீண்ட பாடல் உதவும்: சுமார் 23 நிமிடம் 30 விநாடி ஓட வேண்டியது, கைக்கடிகாரத்தில் ஏறத்தாழ 21 நிமிடம் 35 விநாடியில் முடிந்துவிடும். டிஏசியைக் கழற்றி மாட்டி, அதன் இயக்கியைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்தப் பாடலின் தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாக விழும் ஒற்றைச் சுரம் நடுங்குவதைக் கேட்டு டிஏசியின் கடிகாரம் தள்ளாடுகிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பியானோவைச் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பிப் பெற்ற நடுக்கம் அது.

குறி: நடுநடுவே கிளிக், வெட்டு, நின்று போதல்

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்தால் யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து டிஏசியை நேராகக் கணினியில் செருகுங்கள். பிளேயரின் பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) அளவைக் கூட்டுங்கள். மடிக்கணினியில் யூஎஸ்பி மின் சேமிப்பை அணையுங்கள். 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலி, சுருக்கும் முன்பு விநாடிக்கு 9.2 மெகாபிட் கேட்கும். இரண்டு சுவர் தாண்டிய வைஃபையில் அதுவே திணறக் காரணமாகலாம்.

எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் கோப்பைச் சோதியுங்கள். ஃபிளாக் கோப்பின் தலைப்பில், சுருக்குவதற்கு முந்தைய ஒலியின் எம்.டி.5 கைரேகை எழுதப்பட்டிருக்கும்; ஃபிளாக் நிரலின் சோதனைக் கட்டளையோ ஃபூபார்2000இன் சரிபார்ப்பு வசதியோ, கோப்பை விரித்து அந்தக் கைரேகையோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். பொருந்தாவிட்டால் கோப்பு பழுதடைந்தது, காப்புப்பிரதியிலிருந்து மீட்க வேண்டும். பொருந்தியும் கிளிக் கேட்டால், கோப்பு உருவாகும் முன்பே, அதாவது கீறல் விழுந்த தட்டைப் படிக்கும்போதே, பிழை நுழைந்துவிட்டது. அப்போது ஆக்யூரேட்ரிப் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் அதே அச்சைப் படித்த மற்றவர்களின் முடிவோடு எந்த டிராக் வேறுபடுகிறது என்று தெரியும். அந்த டிராக்கை மட்டும் தட்டைத் துடைத்து மறுபடி ரிப் செய்தால் போதும். ஃபிளாக்கின் சுருக்க நிலையை 8இலிருந்து 0க்கு மாற்றினால் ஒலி மேம்படும் என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். எந்த நிலையிலும் விரிந்து வரும் மாதிரிகள் ஒன்றே.

குறி: கோப்பு லாஸ்லெஸ் என்கிறது, காது எம்பி3 என்கிறது

முதலில் ஒலி காதுக்கு வரும் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பாருங்கள். குறுந்தகட்டின் ஒலி விநாடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்தில் எல்டாக் முறை தன் உச்சத்தில் தருவது 990 கிலோபிட், வழக்கமான எஸ்.பி.சி., ஏ.ஏ.சி. முறைகள் அதைவிட மிகக் குறைவு. கோப்பு எவ்வளவு தூயதாக இருந்தாலும் அந்தக் கண்ணியில் அது மீண்டும் இழப்புள்ள வடிவமாக மாறுகிறது. விண்டோஸில் ஒலி அமைப்பில் தேர்ந்தெடுத்துள்ள விகிதத்துக்கே எல்லாக் கோப்புகளும் மாற்றப்படுகின்றன. பிளேயரில் வாசாபி என்னும் விண்டோஸ் ஒலி வழியின் ‘எக்ஸ்குளூசிவ்’ நிலையைத் தேர்ந்தெடுத்தால் டிஏசியின் விளக்கு கோப்புக்கு ஏற்ப மாறத் தொடங்கும். மேக் கணினியில் ஆடியோ மிடி செட்டப் வழியாக விகிதத்தைக் கையால் அமைக்க வேண்டியிருக்கும். இந்த விகித மாற்றம் காதுக்குத் தெரிவது அரிது என்பதே என் கருத்து. ப்ளூடூத் தரும் வேறுபாட்டை முதலில் களையுங்கள்.

அதன் பிறகும் ஐயமிருந்தால் ஸ்பெக் நிரலில் கோப்பின் அலைவரிசைப் படத்தைத் திறக்கவும். 128 கிலோபிட் எம்பி3இலிருந்து மாற்றப்பட்ட கோப்பில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் அறுத்ததுபோல் ஒரு விளிம்பு தெரியும். 320 கிலோபிட் என்றால் அந்த விளிம்பு 20 அருகே இருக்கும். இங்கே அவசரம் கூடாது. 1960களின் நாடாப் பதிவில் உயர் அலைகள் இயல்பாகவே தேய்ந்திருக்கும்; தேய்தல் வேறு, அறுபடுதல் வேறு. ‘சீமஸ்’ போன்ற எளிய பாடலை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், தாளத்தட்டுகள் ஓங்கி ஒலிக்கும் பாடலைத் தேர்ந்தெடுங்கள். 2011இல் வந்த ‘தி டார்க் சைட்’டின் ‘இம்மர்ஷன்’ பெட்டித் தொகுப்பின் டிவிடியிலிருந்து எடுத்து ஃபிளாக்காக்கிய பல தடக் கோப்புகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அந்தத் தட்டில் இருப்பது டால்பி டிஜிட்டல் என்னும் இழப்புள்ள வடிவம். இழப்பற்ற ஒலி அதே பெட்டியின் ப்ளூரே தட்டில் இருக்கிறது.

குறி: இசைக்குப் பதில் சலசலவென்று வெற்றிரைச்சல்

எஸ்.ஏ.சி.டி.யிலிருந்து வந்த டிஎஸ்டி கோப்பு இது. அந்த ஒற்றை பிட் தரவைச் சாதாரண ஒலியின் உறைக்குள் வைத்து அனுப்பும்போது, வழியில் ஒலி அளவைக் குறைத்தாலோ விகிதத்தை மாற்றினாலோ உறை கிழிந்து, டிஏசி அதை இரைச்சலாகவே படிக்கும். கணினியின் ஒலி அளவை 100இல் நிறுத்தி, எல்லாச் செயலாக்கத்தையும் அணைத்து, அளவை ஆம்ப்ளிஃபயரில் மட்டும் மாற்றுங்கள். சரிசெய்யும் வரை ஹெட்போனைக் கழற்றி வையுங்கள், அந்த இரைச்சல் மிக உரத்தது.

குறி: டிரம்ஸ் நினைவில் உள்ளதுபோல் இல்லை

ரீமாஸ்டர் பழைய கலவையின் மேல் செய்யும் இறுதிப் பூச்சு. ரீமிக்ஸ் தனித்தனித் தடங்களிலிருந்து புதிதாகக் கலப்பது. 1987இன் ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ 2019ஆம் ஆண்டுப் பெட்டித் தொகுப்புக்காக ரீமிக்ஸ் செய்யப்பட்டபோது குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் டிரம்ஸைப் புதிதாகவே வாசித்துச் சேர்த்தார். 1977இன் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்துக்கும் ‘2018 ரீமிக்ஸ்’ என்ற பெயரில் ஒன்று 2022இல் வெளிவந்தது. ஸ்ட்ரீமிங்கில் இவை பழைய பதிப்போடு பக்கத்திலேயே நிற்பதால், பெயருக்குப் பின்னால் உள்ள சொல்லைப் படித்துத் தேர்ந்தெடுங்கள். என் காதுக்கு ‘அனிமல்ஸ்’ ரீமிக்ஸ் தெளிவில் வெல்கிறது; மற்றொன்றில் எனக்குப் பழையதன் மீதே சாய்வு.

குறி: ‘தி வால்’ வரிசை குழம்பி ஓடுகிறது

இரண்டு தட்டுகளிலும் 13 டிராக்குகள் வீதம் இருப்பதால், தட்டு எண் எழுதப்படாத கோப்புகளை பிளேயர் ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு என்று பின்னிவிடுகிறது. எம்பி3டேக் நிரலில் தட்டு எண்ணை நிரப்புங்கள். கார் ஸ்டீரியோவில் பென் டிரைவ் வழியாகக் கேட்பவர்களுக்கு அதுவும் போதாமல் போகலாம், ஏனெனில் பல கார் ஸ்டீரியோக்கள் பெயரையோ எண்ணையோ பார்க்காமல் கோப்புகள் நகலெடுக்கப்பட்ட வரிசையிலேயே ஓட்டுகின்றன. பென் டிரைவை ஃபார்மட் செய்து, 01 முதல் 26 வரை கோப்பின் பெயரின் முன்னால் எண்ணிட்டு, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக நகலெடுங்கள்.